காவலர் போன பின்னும் திறவாத கேட்டு: தீயரணை நீக்கியதும் இணையம் நின்றால் செய்ய வேண்டுவன

கூட்டுறவுச் சங்கங்களின் காரியாலயங்களில் பேரேடு இருந்த இடத்தில் இன்று கணிப்பொறி அமர்ந்திருக்கிறது. 1904 ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிய காலத்தில் கணக்கு என்றால் மையும் காகிதமுமே. 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலோ, நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்குவதற்கு 2,516 கோடி ரூபாய்த் திட்டமொன்றை மத்திய அரசு ஒப்புக்கொண்டது. காலம் அவ்வளவு மாறிவிட்டது.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள நமது பகுதியும் இம்மாறுதலுக்கு விலக்கன்று. 2021 ஆம் ஆண்டில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றுசேர்ந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. வீடுகளும் தொழிற்சாலைகளும் பெருகியபோதிலும், வாழைநாரும் பருத்தியும் கலந்து நெய்யும் அனகாபுத்தூரிலும், பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற குன்றத்தூரிலும் தறியோசை அடங்கிவிடவில்லை. மணிமங்கலம், படப்பைப் பக்கங்களில் ஏரிப் பாசனமும் ஓய்ந்துவிடவில்லை. இவ்வூர்களின் நெசவாளியும் விவசாயியும் வெளியூர் வியாபாரிக்குச் சேலையின் படத்தை அனுப்புவதும், நூல் விலையை விசாரிப்பதும், கடன் கணக்கைப் பதிவு செய்வதும் இணையத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. மாதந்தோறும் சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் சங்கம், 20 ஆம் தேதிக்குள் அதைச் செலுத்தியாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் விழும். செலுத்த வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவிகித வட்டியும் சேரும். அது அங்கத்தினரின் பணம்.

இப்படிப்பட்ட ஒரு நாளில் இணையம் நின்றுவிடுகிறது என்று கொள்வோம். கணிப்பொறி நன்றாக இயங்குகிறது. சுவரோரத்து மோடத்தில் விளக்கு எரிகிறது. ஆயினும் ஒரு பக்கமும் திறக்கவில்லை. விசாரித்தால், முந்தைய நாள் ஒரு தீயரண் மென்பொருளை நீக்க முயன்றதும், அது பாதியில் நின்றதும் தெரியவருகிறது. இந்நிலைமை ஏன் நேர்கிறது, எவ்விதம் தீர்ப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பெரும்பாலும் இதற்குப் புதிய இயந்திரமும் வேண்டாம், பணச் செலவும் வேண்டாம். வரிசை தவறாத நிதானம் ஒன்றுதான் வேண்டும்.

தீயரண் என்பது யாது?

ஃபயர்வால் என்று வழங்கும் தீயரண், கணிப்பொறிக்கும் வெளியுலகிற்கும் இடையே நிற்கும் காவல். இணையத்தில் செல்லும் செய்தி எதுவும் ஒரே மூட்டையாகச் செல்வதில்லை. சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் அனுப்பியவர் முகவரியும் பெறுபவர் முகவரியும் தாங்கிச் செல்கிறது. தீயரண் ஒவ்வொரு பொட்டலத்தையும் நிறுத்திப் பார்த்து, விதிக்கு உட்பட்டதை விடுகிறது, மற்றதைத் தடுக்கிறது.

இவ்வேலையைச் செய்வதற்கு அது மேசைமேல் வைத்த பொருள்போல் தனித்து இருக்க முடியாது. விண்டோஸ் என்னும் இயங்குதளத்தின் உள்ளே, பொட்டலங்கள் போகும் வழியிலேயே அது இடம்பிடிக்க வேண்டும். தறியில் பாவு நூல் ஒவ்வொன்றும் விழுதின் கண்ணில் புகுந்து, அச்சின் பல்லில் புகுந்து வருவதை நெசவாளர் அறிவர். நூலை உருவாமல் விழுதை மட்டும் வெட்டி எடுத்தால் என்ன ஆகும்? விழுது போகும், அதனோடு பாவும் அறும். தீயரணை முறைப்படி நீக்காமல் பிடுங்குவதும் அத்தகையதே.

விண்டோஸுக்கு இப்பொழுது சொந்தத் தீயரண் உண்டு. 2004 ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சேவைத் தொகுப்பு முதல் அது தானாகவே இயங்குமாறு அமைக்கப்பட்டது. அதற்கு முன்னர் வெளியார் தயாரித்த தீயரணை வாங்கிப் போடுவது வழக்கமாயிருந்தது. அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. பல வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் தம்முடன் ஒரு தீயரணையும் சேர்த்தே வருகின்றன. ஆகையால், தீயரண் ஒன்று வந்து அமர்ந்ததையே அறியாத காரியாலயங்களும் இருத்தல் கூடும்.

நீக்கும்போது தவறுவது எவ்வாறு?

சந்தா முடிந்தது என்றோ, இயந்திரம் மந்தமாயிற்று என்றோ தீயரணை நீக்க முற்படுகிறோம். நீக்கும் வேலை நடக்கும்போது மின்சாரம் நின்றுபோகலாம். மீண்டும் தொடங்குக என்று கணிப்பொறி கேட்டதைப் பொருட்படுத்தாமல் விட்டிருக்கலாம். சிலர் நீக்கும் வசதியை நாடாமல், மென்பொருள் இருக்கும் கோப்புறையையே அழித்துவிடுகின்றனர். இவற்றில் எது நேர்ந்தாலும், மென்பொருளின் வெளித்தோற்றம் மறையும். உள்ளே செருகிய உறுப்புகள் மறையா.

இரயில்வே கேட்டைக் கவனியுங்கள். கேட்டை இறக்கிவைத்தபடியே காவலரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டால், சாலையில் பழுதில்லை, வண்டியில் பழுதில்லை. எனினும் எவரும் கடக்க முடியாது. தூக்கிவிட ஆளில்லாத கேட்டே இங்குக் குற்றவாளி. இணையத்தை அளிக்கும் நிறுவனத்தைக் கடிந்துகொள்வதும், மோடத்தை மாற்றுவதும் இந்நிலையில் வீண் வேலையாகும்.

எச்சங்கள் பெரும்பாலும் நான்கு இடங்களில் தங்குகின்றன. முதலாவது, வலைப்பின்னல் அட்டையோடு பிணைந்த வடிகட்டி. இரண்டாவது, வின்சாக் என்னும் பட்டியல். நிரல்கள் வலைப்பின்னலோடு பேசும் வழி அதில் சங்கிலிபோல் கோக்கப்பட்டுள்ளது, ஒரு கண்ணி அறுந்தால் முழுதும் பயனற்றுப்போகும். மூன்றாவது, பிராக்ஸி என்னும் இடைத்தரகர் அமைப்பு. தரகர் போனபின்னும் உலாவி அவரிடமே சென்று நிற்கும். நான்காவது, டிஎன்எஸ் என்னும் பெயர்ப் பதிவேட்டின் முகவரி. இது தவறானால் எண்ணைச் சொன்னால் வழி கிடைக்கும், பெயரைச் சொன்னால் கிடைக்காது.

இது நமக்கு மட்டும் நேர்வதன்று

2008 ஆம் ஆண்டு ஜூலை 8 அன்று, டிஎன்எஸ் அமைப்பில் கண்ட ஒரு குறையை அடைக்க மைக்ரோசாஃப்ட் நிறுவனம் திருத்தமொன்றை வெளியிட்டது. திருத்தம் அவசியமானதே. ஆனால் ஜோன்அலாரம் என்னும் தீயரணை வைத்திருந்தோர் பலருக்கு அதனால் இணையமே அற்றுப்போயிற்று. தீயரணின் புதிய பதிப்பை இட்ட பின்னரே நிலைமை சீர்ப்பட்டது.

2015 ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளியாயிற்று. பழைய பதிப்பிலிருந்து அதற்கு மாறிய சில கணிப்பொறிகளில் வலைப்பின்னல் வேலை செய்யவில்லை. விபிஎன் வகை மென்பொருள் ஒன்றின் பழைய வடிகட்டி உள்ளே எஞ்சியிருந்ததே காரணம். அவ்வெச்சத்தைக் கண்டறிந்து நீக்கும் முறையை மைக்ரோசாஃப்டே தனிக் குறிப்பாக வெளியிட நேர்ந்தது.

2024 ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று நிகழ்ந்ததை நம்மவர் நேரிலேயே கண்டனர். கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனத்தின் காவல் மென்பொருளுக்கு வந்த பழுதான புதுப்பிப்பொன்று, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி உலகில் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளை முடக்கிற்று. திரிசூலத்துக்கு எதிரே அமைந்துள்ள சென்னை விமான நிலையத்திலும் பயணச் சோதனை மேடைகள் தடுமாறின. பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகள் வழங்கப்பட்டன. இது தீயரணை நீக்கியதால் வந்ததன்று. ஆயினும் காவல் மென்பொருள் இயங்குதளத்தின் எவ்வளவு ஆழத்தில் அமர்கிறது என்பதை இது தெளிவாகக் காட்டிற்று. பழுதான கோப்பை நீக்குவதற்குப் பல இடங்களில் ஒவ்வொரு கணிப்பொறியையும் பாதுகாப்பு நிலை என்னும் சேஃப் மோடில் திறந்து கையாலேயே சரிசெய்ய வேண்டியதாயிற்று. அதே முறையைத்தான் நாமும் சிறு அளவில் கைக்கொள்ளப் போகிறோம்.

முதலில் பழுது எங்கே என அறிதல்

நோயறியாமல் மருந்து கொடுத்தல் ஆகாது. அதே மோடத்தின் வைஃபையில் ஒரு கைப்பேசியை இணைத்து, அதன் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். கைப்பேசியில் திறந்தால், கம்பியிலும் மோடத்திலும் குறையில்லை. குறை கணிப்பொறிக்குள் இருக்கிறது. கைப்பேசியிலும் திறக்காவிடில் இணைய நிறுவனத்தை அழைப்பதே முறை.

அடுத்து, கணிப்பொறியின் தேடுமிடத்தில் சி, எம், டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை இட்டால் கட்டளைச் சாளரம் வரும். அதில் பிங் என்னும் சொல்லை (பி, ஐ, என், ஜி) எழுதி, ஓர் இடைவெளி விட்டு, கீழ்க்கண்ட எண்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கலாம்.

127.0.0.1 என்பது கணிப்பொறி தன்னைத்தானே அழைக்கும் எண். இதற்கே பதில் வராவிடில் உள்ளமைப்பே சிதைந்துள்ளது. இரண்டாவதாக மோடத்தின் எண். பல மோடங்களில் இது 192.168.1.1 என்றிருக்கும், அடியில் ஒட்டிய சீட்டிலும் காணலாம். இங்கே பதில் நின்றால் அட்டையோடு பிணைந்த வடிகட்டியைச் சந்தேகிக்க வேண்டும். மூன்றாவது 8.8.8.8, இது கூகுளின் பெயர்ப் பதிவேட்டு எண். இதற்குப் பதில் வந்து, ஒரு தளத்தின் பெயருக்குப் பதில் வராவிடில் டிஎன்எஸ் அமைப்பே பழுது. எல்லாவற்றுக்கும் பதில் வந்தும் உலாவி மட்டும் திறக்காவிடில், பிராக்ஸியையும் வின்சாக் பட்டியலையும் பார்க்க வேண்டும். எந்தப் படியில் நின்றது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

தீர்க்கும் வரிசை

1. முதலில் கணிப்பொறியை ஒருமுறை மீண்டும் தொடங்குக. நீக்கும் வேலையின் கடைசிப் பகுதி பல சமயங்களில் அப்போதுதான் நிறைவேறும். அதற்கு முன் சங்கக் கணக்குக் கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுத்து வைத்தல் நலம்.

2. தொல்லை தீராவிடில், அரைகுறையாக நீங்கிய அதே மென்பொருளை அதே பதிப்பில் மீண்டும் நிறுவி, பின்னர் அமைப்புகள் பகுதியிலுள்ள செயலிகள் பட்டியல் வழியே முறைப்படி நீக்குக. இது தலைகீழாகத் தோன்றினாலும் பல வேளைகளில் எளிதில் பலிக்கும். போன காவலரைத் திரும்ப அழைத்து, கேட்டைத் தூக்கச் செய்து, அதன்பின் விடைகொடுப்பது போன்றது இது.

3. அதுவும் ஆகாவிடில், தயாரித்தவரே அளிக்கும் நீக்கும் கருவியை நாடுக. நார்ட்டன், மெக்காஃபி, காஸ்பர்ஸ்கி, அவாஸ்ட் முதலிய நிறுவனங்கள் இதற்கென்றே தனிக் கருவிகளை இலவசமாகத் தருகின்றன. வேறொரு கணிப்பொறியில், அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி, பென் டிரைவில் கொண்டுவருக. சாதாரண நிலையில் கருவி இயங்க மறுத்தால் சேஃப் மோடில் இயக்குக. அந்நிலையில் இன்றியமையாத உறுப்புகள் மட்டுமே விழித்திருப்பதால், பிடிவாதமான எச்சமும் விட்டுக்கொடுக்கும்.

4. இனி எஞ்சிய வடிகட்டி. வலைப்பின்னல் இணைப்பின் பண்புகள் என்னும் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கும். நீக்கிய மென்பொருளின் பெயர் அதில் காணப்பட்டால், அதைத் தேர்ந்து நீக்கலாம். பெயர் தெரியாத எதையும் தொடலாகாது.

5. பிராக்ஸி அமைப்பில் கையால் இட்ட முகவரி ஏதேனும் இருந்து, அது நம் காரியாலயம் வேண்டுமென்றே இட்டதன்று என்று உறுதியானால், அதை அணைத்துவிடுக. டிஎன்எஸ் முகவரியைத் தானாகப் பெறுமாறு மாற்றுக.

6. கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து, இரு கட்டளைகளை இடுக. முதலாவது, நெட்ஷ் வின்சாக் ரீசெட். எழுத்துகள் வருமாறு: என், இ, டி, எஸ், எச், இடைவெளி, டபிள்யூ, ஐ, என், எஸ், ஓ, சி, கே, இடைவெளி, ஆர், இ, எஸ், இ, டி. இது அறுந்த பட்டியலைப் புதிதாகக் கோத்துத் தரும். இரண்டாவது கட்டளையில் வின்சாக் என்பதற்குப் பதிலாக ஐ, என், டி என்றும், இடைவெளி விட்டு ஐ, பி என்றும் எழுதுக, மற்றவை அவ்வாறே. இது முகவரி அமைப்பைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். பின்பு கணிப்பொறியை மீண்டும் தொடங்குக. காரியாலயக் கணிப்பொறிக்கு நிலையான எண் முகவரி கொடுத்திருந்தால், இரண்டாம் கட்டளை அதை அழித்துவிடும். முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ளுதல் அவசியம்.

7. இன்னும் திறக்காவிடில், விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் வலைப்பின்னல் அமைப்புகளில் நெட்வொர்க் ரீசெட் என்றொரு வசதி உண்டு. இது வலைப்பின்னல் அட்டைகளை எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவும். வைஃபை கடவுச்சொல்லை மறுபடியும் இட நேரும். விபிஎன் வைத்திருப்போர் அதையும் மீண்டும் நிறுவ வேண்டியிருக்கலாம்.

8. அதற்கும் மேலே, தீயரணை நீக்குவதற்கு முந்தைய நிலைக்கு இயங்குதளத்தைத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் உண்டு. முன்பே அது இயக்கிவைக்கப்பட்டிருந்தால்தான் பயன்படும். விண்டோஸை முழுதும் அழித்துப் புதிதாக நிறுவுவது கடைசி வழி. மேலே கூறிய படிகளைக் கடக்காமல் அதை மேற்கொள்ளலாகாது.

இவற்றுள் எந்தப் படியில் இணையம் திரும்பினாலும் அங்கேயே நின்றுவிடுக. மிச்சப் படிகளையும் செய்து பார்ப்போமே என்பது புதுத் தொல்லையை விலைக்கு வாங்குவதாகும்.

செய்யத் தகாதவை

இணையம் திறக்கவில்லையே என்ற பதற்றத்தில், பதிவேட்டைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை இடவேண்டாம். விண்டோஸின் வடிகட்டும் சேவைகளை நிறுத்திப் பார்க்கவும் வேண்டாம். விண்டோஸின் சொந்தத் தீயரணும் அவற்றை நம்பியே இயங்குகிறது.

அனைத்திலும் முக்கியமானது மற்றொன்று. கைப்பேசியில் தேடினால், உதவி எண் என்று பல எண்கள் வரும். அவற்றில் மோசக்காரரின் எண்களும் கலந்திருக்கின்றன. அழைத்தவரிடம், உங்கள் திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள். பின்பு வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார்கள். சங்கத்தின் கணக்கு ஒருவருடையதன்று, அங்கத்தினர் அனைவருடையதுமாகும். முன்பின் அறியாத எவருக்கும் அத்திரையைத் திறந்துவிடலாகாது. ஏமாற்றம் நேர்ந்துவிட்டதாகத் தெரிந்தால், காலம் தாழ்த்தாமல் வங்கிக்கும், 1930 என்னும் தேசிய எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு விரைவில் தெரிவிக்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்புண்டு.

இணையம் திரும்பும் வரை தவணை காத்திராது. வரிக் கணக்கை வேறொரு நம்பகமான கணிப்பொறியில் தாக்கல் செய்யலாம். விற்பனையும் வரியும் இல்லாத வெற்று மாதமாயின், 2020 ஆம் ஆண்டு ஜூன் முதல் குறுஞ்செய்தி வழியாகவே அதைத் தெரிவிக்கும் வசதியும் உண்டு.

தொடர்பு மீண்ட பின்

பழைய காவலை நீக்கியாயிற்று. புதிய காவல் நிற்கிறதா என்று பார்த்தல் அடுத்த கடமை. வெளியார் தீயரண் அமரும்போது விண்டோஸின் தீயரண் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். நீக்கம் அரைகுறையாக முடிந்திருந்தால், பழையவர் இன்னும் இருப்பதாகவே எண்ணி அது ஒதுங்கியே நிற்கக்கூடும். விண்டோஸ் பாதுகாப்பு என்னும் பக்கத்தைத் திறந்து, தீயரண் இயங்குவதாகக் காட்டுகிறதா என உறுதி செய்துகொள்ளுங்கள். இணையம் திறந்தது, காவல் இல்லை என்பது கேட்டை ஒரேயடியாகத் தூக்கிவிட்டு இரயில் வரும் நேரத்தைப் பாராதிருப்பதற்கு ஒப்பாகும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதை இன்னும் வைத்திருக்கும் சங்கங்கள் மாற்று ஏற்பாட்டை நிர்வாகக் குழுவின் முன் வைத்தல் வேண்டும்.

இரண்டு தீயரண்களை ஒருங்கே நிறுவுவதால் காவல் இரட்டிப்பதில்லை. ஒன்று மற்றொன்றின் வழியை மறிப்பதே மிஞ்சும். சிறு காரியாலயமொன்றுக்கு விண்டோஸின் சொந்தத் தீயரணும், காலந்தவறாத புதுப்பிப்பும், வாரந்தோறும் எடுக்கும் கணக்கு நகலும் பெரும்பாலும் போதுமானவை.

கணிப்பொறிக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைப்பது நன்று. எந்த மென்பொருள் எந்நாளில் நிறுவப்பட்டது, எந்நாளில் யாரால் நீக்கப்பட்டது, மோடத்தின் எண் யாது, இணைய நிறுவனத்தின் மெய்யான உதவி எண் யாது என்பவற்றை அதில் எழுதி வைக்கலாம். கடவுச்சொற்களை மட்டும் தனித்தாளில் உறையிட்டு, காரியதரிசியின் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். மென்பொருளை நீக்கும் வேலையை 20 ஆம் தேதியை ஒட்டியும், கூலிப் பட்டுவாடா நாளிலும் வைத்துக்கொள்ளாமல், வேலை குறைந்த ஒரு பிற்பகலில் மின்சாரம் நிலையாக இருக்கும்போது செய்தல் உத்தமம். குமாஸ்தா ஒருவருக்கு மட்டுமே தெரிந்த முறை, அவர் விடுப்பில் சென்ற நாளில் சங்கத்துக்கு உதவாது. ஆகவே இன்னும் ஓர் அங்கத்தினராவது இவ்வரிசையை ஒருமுறை உடனிருந்து பார்த்துக்கொள்வாராக.